பின்சந்தில் ஒரு பாம்புச் சுவர்

பின்கதவைத் திறந்தபோது, செடிக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாய் ஒன்று சந்தின் எதிர் ஓரமாக வளைந்து வளைந்து கிடந்தது. அதன் பக்கத்திலேயே ஒருவர் குனிந்தபடி சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டு வந்தார். குழாய் எப்படி வளைந்ததோ அப்படியே சுண்ணாம்புக் கோடும் வளைந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலிமனையைப் புதிதாக வாங்கியவர் அவர். வேலூரில் ஏதோ அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

நான் கதவைச் சாத்திவிட்டு, பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். புதிய ஆட்களை நேருக்கு நேர் பார்த்து நின்று பேசுவது என்னால் ஆகாது. ஐம்பதை நெருங்கியும் அந்தக் கூச்சம் போகவில்லை.

"இன்னா பாத்துகினு கீறீங்க அந்த ஓட்டையில?" என்றாள் என் மனைவி. அவள் ராட்டையில், சேலைக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சுண்ணாம்பு போடுறாரு."

"போடட்டும்."

"வளைச்சி வளைச்சி போடுறாரு."

அவள் ராட்டையை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, கதவை முழுதாகத் திறந்தாள். "இன்னா சார், கோலமா?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து சிரித்தார். "காம்பவுண்டு சுவரும்மா. இதுக்கு மேலதான் வரப்போவுது."

"வளைச்சா கட்டுவாங்க?"

"கட்டலாம்மா. நாலரை இஞ்சு சுவரு, அதனாலதான்."

அதனாலதான் என்றால் எதனால்? எனக்கு விளங்கவில்லை. நாலரை இஞ்சு என்றால் ஒற்றைச் செங்கல் அகலம். ஒல்லிச் சுவர். ஒல்லியாகக் கட்டுகிறவன் ஏன் வளைத்துக் கட்ட வேண்டும்? வளைத்தால் கல் கூடத்தானே செலவாகும்? ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது.

அந்தச் சந்து எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொன்னால்தான் என் பயம் புரியும். நான் ஆரணியில் பட்டு நெய்கிறவன். தறியில் ஏற்றுவதற்கு முன்னால், இரண்டு மூன்று சேலைக்கான நீள இழைகளை ஒன்றாகச் சேர்த்து வெளியில் முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்ட வேண்டும். அதைத்தான் பாவு என்கிறோம். அதன் மேல் மெல்லிய கஞ்சி தெளித்து, நீவி, அறுந்த இழைகளைத் தேடி முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அதற்கு நீளமான, நேரான, காற்று அதிகம் அடிக்காத இடம் தேவை. முன்பு வீட்டு வாசல் தெருவிலேயே நீட்டினோம். இப்போது விடியும் முன்னே பால் வண்டி, பிறகு ஸ்கூல் வேன், அப்புறம் ஓயாமல் ஸ்கூட்டர். ஒரு தடவை ஸ்கூட்டர் கண்ணாடி ஒரு வீட்டுப் பாவில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதிலிருந்து எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் பின்சந்து ஒன்றுதான் கதி. முறை வைத்து நீட்டுகிறோம்.

காலிமனைக்கு முன்பு ஒரு நேர்ச்சுவர் இருந்தது. பழைய சுவர். ஒரு மழைக்காலத்தில் சாய்ந்து, சந்திலேயே விழுந்தது. நல்ல வேளையாக அன்றைக்கு மழை, யாரும் பாவு நீட்டவில்லை. அந்த இடிபாடு அப்படியே கிடந்து, புல் முளைத்து, எல்லை எது என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். செங்கல் வந்து இறங்கியது. புதுக் கல் இல்லை, பழைய கல். சந்தவாசல் பக்கமிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். சுவர் இடுப்பு உயரம் வந்ததும் சந்தில் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு வயிறு எங்கள் பக்கம் புடைக்கும், அடுத்தது அந்தப் பக்கம் குழியும், மறுபடி புடைக்கும். யார் வைத்த பெயரோ, பாம்புச் சுவர் என்று ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு யாரையும் சும்மா விட முடியாது. அவரும் நெசவுதான், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

"இன்னா மேஸ்திரி, காலையிலேயே ஊத்திகினு வந்துட்டியா? சுவரு இப்படி தள்ளாடுது?"

மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்தார். "என்னை ஏன்ணா கேக்குற? நான் நூல் புடிச்சி கட்டி பழகுனவன். இங்க நூலும் இல்ல ஒண்ணும் இல்ல. குழாய போட்டு கோடு கிழிச்சி, இதுமேல வையின்றாரு. கண்ணாலம் கட்டிக் குடுத்த பொண்ணு ரெண்டு இருக்குது எனக்கு. எங்க மருமவனுங்க வந்து பாத்தா இன்னா நினைப்பானுங்க?"

"உன் பேர எதுலயும் எழுதிடாத."

"எழுதுவேனா?"

கட்டுகிற ஆளுக்கே நம்பிக்கை இல்லை. இதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொள்ள இன்னும் சில இருந்தன. அந்த சார் எப்போது பார்த்தாலும் சிரித்தார். கேட்காமலே என் மனைவியிடம் ஒரு கை முருங்கைக்காய் கொடுத்தார். ஒரு நாள் என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க எந்தெந்த நாளு இங்க பாவு போடுவீங்க?" என்று விசாரித்தார். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவருக்கு எதற்கு எங்கள் பாவு நாள்? நாங்கள் இல்லாத நாளாகப் பார்த்து என்ன செய்யப் போகிறார்?

பக்கத்து வீட்டு அண்ணன்தான் அதற்கு ஒரு உருவம் கொடுத்தார். "தம்பி, நேரா கட்டுனா எங்க ஆரம்பிச்சி எங்க முடியுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். வளைச்சி கட்டுனா யாருக்கு இன்னா தெரியும்? ஒவ்வொரு வயிறா உள்ள வந்துகினே இருப்பான். நாளைக்கு உன் பாவு எந்த வழியா போவும்? பாவு வளையுமா?"

பாவு வளையாது. அதுதான் எனக்கு இருந்த பயம். அண்ணன் வாயால் கேட்டதும் அது பயமாக இல்லாமல் நிச்சயமாகவே ஆகிவிட்டது.

மறுநாள் விடிகாலையில், மேஸ்திரி வருவதற்கு முன்னால், ஒரு கண்டு பருத்தி நூலோடு சந்துக்குப் போனேன். சுவரின் இந்த முனையில் ஒரு ஆணி, அந்த முனையில் ஒரு ஆணி. நடுவில் நூலை இழுத்துக் கட்டினேன். எங்கள் தொழிலில் எது நேர், எது கோணல் என்று பார்க்க வேறு வழி கிடையாது. நூல் முறுக்காக நின்றது. எங்கள் பக்கம் புடைத்த வயிறுகள் எல்லாம் நூலைத் தாண்டி ஒரு சாண், சில இடத்தில் அதற்கும் மேல் வெளியே நின்றன. நூலைச் சுவரின் தலைக்கு மேலாகத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது.

நான் அதை அவிழ்ப்பதற்குள் அண்ணன் பல் துலக்கிக்கொண்டு வந்துவிட்டார். நூலைப் பார்த்தார். வயிறுகளைப் பார்த்தார். வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, "அவிழ்க்காத. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

டீக்கடை திறக்கும்போது தெருவுக்கே தெரிந்திருந்தது.

"நூலு கட்டுனது நீங்க," என்றாள் என் மனைவி. "நீங்கதான் பேசணும்."

"அண்ணன் பேசுவாரு."

"அண்ணன் பேசுனா சண்டை. நீங்க பேசுனா நியாயம். வாய தெறங்க, முத்தா உதிர்ந்துடும்?"

ரேஷன் கடையில் யாராவது எனக்கு முன்னால் புகுந்தால்கூட நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட என்னை முன்னால் தள்ளிவிட்டு, ஐந்தாறு பேர் பின்னால் நின்றார்கள். சார் அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"சார்," என்றேன். பிறகு நூலைக் காட்டினேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. இத்தனை பேர் காலையில் வந்து நின்றால் யாருக்கும் கோபம் வரும். கோபம் வராதவன் ஏற்கெனவே எல்லாம் யோசித்து வைத்திருப்பான்.

"நூல எங்க கட்டுனீங்க தம்பி?"

"சுவரு முனையில சார்."

"முனைதான் எல்லைன்னு யாரு சொன்னது?"

பின்னால் இருந்து அண்ணன், "முனை எல்லை இல்லாம வேற இன்னா சார் எல்லை?" என்றார்.

சார் மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி மண்வெட்டியால் சுவர் முனைக்குப் பக்கத்தில் குவிந்திருந்த ஜல்லியை ஒதுக்கினார். அடியில் பழைய எல்லைக்கல் இருந்தது. சுவர் முனைக்கு வெளியே, எங்கள் பக்கமாக, ஒரு சாணுக்கு மேல் தள்ளி. மறுமுனையில் இடிபாட்டுக்குள் இன்னொரு கல், அதே போலத் தள்ளி. மேஸ்திரி என் நூலை அவிழ்த்து, கல்லுக்குக் கல் கட்டினார். எங்கள் பக்கம் வந்த வயிறுகள் எல்லாம் நூலைத் தொட்டும் தொடாமலும் உள்ளேயே நின்றன. ஒன்றுகூடத் தாண்டவில்லை.

எங்கள் தெருவில் யாருக்கும் அது தோன்றியிருக்காது. நூலின் இரண்டு முனையும் சரியாக இருந்தால் நடுவில் இருப்பதும் சரி என்று பழகியவர்கள் நாங்கள். சுவர் தன் எல்லையை விட்டு உள்ளே தள்ளி ஆரம்பித்து, வயிற்றால் மட்டும் எல்லையைத் தொடும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

எல்லாரும் கலைந்தார்கள். போகும்போதே அண்ணன் என் தோளில் கை போட்டு மெதுவாகக் கேட்டார்: "அப்போ வயிறுக்கும் வயிறுக்கும் நடுவுல கீதே பள்ளம், அதெல்லாம் அந்தாளு எடம்தானே? எதுக்கு நமக்கு சும்மா உட்டான்?"

இந்தக் கேள்வி முந்தைய கேள்வியைவிட மோசமாக இருந்தது. இடத்தை எடுக்கிறவனைப் புரிந்துகொள்ளலாம். ஆரணியில் ஒரு முழ இடத்தைச் சும்மா விட்டவனை நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போது நானும் என் மனைவியும் இதையே பேசினோம். பிற்பாடு பள்ளங்களை அடைத்து உரிமை கொண்டாடுவாரோ? மரம் நட்டு, நிழல் எங்கள் பாவின் மேல் விழச் செய்வாரோ? "இல்ல, நம்மள அங்க நிக்க உட்டு, அப்பால வாடகை கேப்பாரு," என்றாள் அவள். அவளுக்குச் சந்தேகத்திலும் ஒரு கணக்கு உண்டு.

அவரிடம் தனியாகக் கேட்டது நான்தான். எப்படிக் கேட்டேன் என்று இப்போதும் ஆச்சரியம். அவர் சுவருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் சந்தில் நின்று, அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

"இவ்ளோ எடம் எதுக்கு சார் உட்டீங்க?"

"உடணும்னு உடல தம்பி. பெரணமல்லூர்ல எங்கப்பா வீட்ட இடிச்சோம். அந்தக் கல்லுதான் இது. நல்ல கல்லு. ஒம்போது இஞ்சு சுவரு வைக்க இது பத்தாது. ஒத்த கல்லு வெச்சி நேரா கட்டுனா நடுநடுவுல தூண் வேணும், அதுக்கும் கல்லு போவும். வளைச்சி கட்டுனா தூணே வேணாம். அதுவே புடிச்சிக்கும்." அவர் கையைப் பாம்பு மாதிரி ஆட்டிக் காட்டினார். பிறகு போனை எடுத்து ஒரு படம் காட்டினார். ஏதோ வெளிநாடு. பச்சைப் புல், நடுவில் இதே போல நெளிந்த செங்கல் சுவர், அதன் பள்ளங்களில் பழ மரங்கள்.

போனில் வருவதையெல்லாம் நம்பி ஒரு மனிதர் அப்பா வீட்டுக் கல்லைச் செலவழிக்கிறாரா? படம் நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஒன்று மட்டும் தெளிவானது. அவர் இடம் பிடிக்க வரவில்லை. ஆனால் அவர் கட்டிய சுவர் விழும்.

தெருவும் அதே முடிவுக்கு வந்தது. ஒற்றைக் கல், தூண் இல்லை, போனைப் பார்த்துக் கட்டியது. பாவு நீட்டினால் இருபக்கமும் ஆட்கள் நிற்க வேண்டும். சுவர் சாய்ந்தால் ஆளும் போகும், பாவும் போகும். பட்டு எங்களுடையது இல்லை, நெய்யக் கொடுக்கும் முதலாளியுடையது. அது வீணானால் நெசவாளிதான் பதில் சொல்ல வேண்டும். அதனால் யாரும் பாம்புச் சுவர் ஓரம் நீட்டவில்லை. அந்தச் சுவர் முடிகிற இடத்திலிருந்து சந்தின் கடைசிவரை, மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு, ஒரு கிடங்கின் மதில் இருக்கிறது. நேரானது, பூசி, இளமஞ்சள் பெயிண்ட் அடித்தது, பார்க்கவே திடமானது. எல்லாரும் அங்கேயே நெருக்கிக்கொண்டு முறை போட்டார்கள். முழுச் சந்தில் ஓடிய முறை அந்தக் கடைசித் துண்டில் ஓடினால் என்ன ஆகும்? என் முறை தள்ளிக்கொண்டே போனது. என் தறி காலியாக நின்றது. ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய சேலை. முதலாளி போன் செய்யும்போதெல்லாம் என் மனைவியிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன்.

காலித் தறிக்கு முன்னால் சும்மா உட்கார முடியாமல், ஜக்கார்டு பெட்டியின் அட்டைகளை இறக்கித் துடைத்தேன். சேலை முந்தானையில் பூவும் அன்னமும் வருவதற்குத் துளை போட்ட அட்டைகள். ஒன்றோடொன்று கயிற்றால் கோத்திருக்கும். இறக்கி வைத்தால் மடிந்து மடிந்து தரையில் நிற்கும். இத்தனை வருடமாக அவை அப்படித்தான் நிற்கின்றன. நான் அதை ஒரு விஷயமாகப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தனியாகக் கழன்றுவந்த ஒரு அட்டையை விளிம்பில் நிறுத்தினேன். விழுந்தது. மறுபடி நிறுத்தினேன். மறுபடி விழுந்தது. கொஞ்சம் வளைத்து நிறுத்தினேன். நின்றது. குனிந்து ஊதினேன். நகர்ந்தது, ஆனால் விழவில்லை.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரான அட்டைக்குக் கால் என்று இருப்பது அதன் விளிம்பு மட்டும்தான். பக்கவாட்டில் தள்ளினால் அந்த விளிம்பின் மேலேயே புரண்டுவிடும். வளைந்த அட்டைக்கு ஒரு பகுதி முன்னால் நிற்கிறது, இரண்டு ஓரமும் பின்னால் நிற்கின்றன. முன்பக்கம் விழப் பார்த்தால் முன்னால் நிற்பது ஊன்றிக்கொள்கிறது. பின்பக்கம் விழப் பார்த்தால் ஓரங்கள் ஊன்றிக்கொள்கின்றன. கண்ணமங்கலம் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவன் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்துக்கொள்வான். ஆள் தடிக்கவில்லை, ஆனால் அவன் நிற்கும் இடம் அகலமாகிவிடுகிறது. அந்தச் சுவரும் அப்படித்தான். கல் ஒற்றை, ஆனால் நிற்பது ஒரு முழ அகலத்தில். வளைவதால் நீளம் கொஞ்சம் கூடும், கல் கொஞ்சம் கூடும். இரட்டை வரிசை வைத்து, தூணும் வைப்பதோடு பார்த்தால் அது ஒன்றும் இல்லை.

இதைப் புரிந்துகொண்டதில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாம்புச் சுவர் நிற்கும் என்றால், இத்தனை பேர் நம்பி நிற்கிற அந்த நேர் மதில் எப்படி நிற்கிறது?

மத்தியானம் சந்தில் யாரும் இல்லாதபோது போய்ப் பார்த்தேன். கிடங்கு மதிலின் கடைசி முனையில் பூச்சு கொஞ்சம் பெயர்ந்திருந்தது. உள்ளே தெரிந்தது ஒற்றைக் கல். அதுவும் நாலரை இஞ்சுதான். இரண்டு பக்கமும் தடியாகப் பூசியதில் எங்களுக்குத் தெரியவில்லை. அந்த நீளம் முழுக்க ஒரு தூண் கிடையாது. அடியில், தரையை ஒட்டி, முடி போல ஒரு விரிசல் ஓடியது. உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். ஆடும் பல்லை நாக்கால் தள்ளுவது போல இருந்தது. கையை எடுத்துவிட்டேன். பிறகு பாம்புச் சுவருக்கு வந்து கையால் அழுத்தினேன், தோளால் முட்டினேன், கடைசியில் முதுகைக் கொடுத்துக் காலை ஊன்றித் தள்ளினேன். என் செருப்புதான் வழுக்கியது.

மனைவியிடம் சொன்னேன்.

"இவ்ளோ நாளா அந்த சுவரு உழும்னீங்க. இப்போ இந்த சுவரு உழும்ன்றீங்க. உங்களுக்கு எந்த சுவருதான் ஆவும்?"

"வந்து தள்ளிப் பாரு."

"தள்ளி உழுந்துட்டா அந்த கிடங்குக்காரருக்கு யாரு பதில் சொல்றது?"

மறுநாள் காலையில் அண்ணன் முறை. அவர் பாவு மதிலை ஒட்டி நீண்டிருந்தது. அரக்குச் சிவப்புப் பட்டு, கஞ்சி தெளித்து ஈரமாக மின்னியது. அண்ணனும் அண்ணியும் அவர்கள் மருமகளும் சுவருக்கும் பாவுக்கும் நடுவில் நின்று இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருமகள் நிறைமாதம். அவள் களைப்பில் அவ்வப்போது மதிலில் சாய்ந்துகொண்டாள். அதைப் பார்த்த பிறகு என்னால் கதவு இடுக்கில் நிற்க முடியவில்லை.

"அண்ணா, அந்தப் பக்கம் வேணாம்," என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"அந்த மதிலு சரியில்ல. ஒத்த கல்லு. பாம்புச் சுவத்துப் பக்கம் வந்துடுங்க."

அண்ணன் இழையிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். "கோணச் சுவரு நல்லது, நேரு சுவரு கெட்டது. எங்க படிச்ச?"

"அட்டைய நிக்க வெச்சி பாத்தேன்."

சொல்லியிருக்கக் கூடாது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "தம்பிக்கு தறி காலியா கீது, அட்டை வெச்சி வெளையாடிகினு கீறாரு."

"முருங்கைக்காய் சாம்பார் நல்லா இருந்துச்சாடா?" என்றார் அண்ணன். "சாரு இன்னும் எத்தனை காய் தரேன்னாரு?"

திரும்பிப் போயிருப்பேன். மருமகள் மறுபடி மதிலில் சாயப் போனாள். "அதுல சாயாதம்மா" என்று சொல்லிக்கொண்டே நான் போய், அவளுக்கு இரண்டடி தள்ளி, மதிலில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன்.

மதில் போனது, திரும்பி வந்தது. ரொம்ப இல்லை, ஒரு விரல் அளவு. ஆனால் எல்லாரும் பார்த்தார்கள். மேலிருந்து பூச்சு உதிர்ந்து ஈரப் பாவின் மேல் மஞ்சளாகப் படிந்தது.

அண்ணி மருமகளின் கையைப் பிடித்து எங்கள் வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டார். "எடுங்க," என்றார். "ஜல்தி எடுங்க."

இழுத்துக் கட்டிய பாவை அவிழ்க்காமல் இடம் மாற்றுவது எளிதல்ல. தொய்ந்தால் ஈர இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். முனைக்கு ஒருவர், நடுவில் தாங்கும் மூங்கில் கால்களுக்கு ஒவ்வொருவர் என்று பிடித்து, எல்லாரும் ஒரே அடியாக நடக்க வேண்டும். என் மனைவி ஓடிவந்து ஒரு காலைப் பிடித்தாள். நான் இன்னொன்றை. "தூக்கு... நட... மெதுவா... ஏய், இழுக்காத" என்று அண்ணன் குரல் கொடுக்க, அந்தச் சிவப்புப் பாவு சந்தின் நடுவில் ஆடாமல் நகர்ந்து வந்து பாம்புச் சுவர் ஓரம் நின்றது.

அங்கே வந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. பாவு வயிறுகளை உரசாமல் நேராக ஓடியது. வயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் ஒரு ஆள் வசதியாக நின்று வேலை செய்ய முடிந்தது. நேர் மதில் பக்கம் உடம்பை ஒடுக்கி நிற்க வேண்டும். இங்கே அண்ணி ஒரு பள்ளத்தில், என் மனைவி ஒரு பள்ளத்தில், ஆளுக்கு ஒரு அறை மாதிரி.

அண்ணன் மட்டும் பள்ளத்துக்குள் போகவில்லை. எதிர்ப்பக்கமே நின்று, மஞ்சள் தூளைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். "இது உழுந்துச்சின்னு வெச்சிக்க, உன்னதான் கேப்பேன்," என்றார் என்னிடம். சிரிக்கவில்லை.

"கேளுங்கண்ணா," என்றேன். வேறென்ன சொல்வது?

கிடங்குக்காரருக்குச் செய்தி போனது. மதிலை ஆட்டிப் பார்க்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று முதலில் சத்தம் போட்டார். பிறகு அவரே வந்து தள்ளிப் பார்த்தார். அந்த வாரமே மதிலுக்கு முட்டுத் தூண் வைக்க ஆள் வந்தது. தூண்கள் எல்லாம் சந்துப் பக்கம், ஒவ்வொன்றும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு. எங்கள் பொதுச் சந்தில்தான். அதற்கு யாரும் நூல் கட்டிப் பார்க்கவில்லை. "நேரு சுவராச்சே," என்றாள் என் மனைவி. "அது எடம் புடிச்சா கண்ணுக்குத் தெரியாது."

பாவு நீட்டுவது முழுக்கப் பாம்புச் சுவர் ஓரத்துக்கு மாறியது. மதில் ஓரம் ஒரு பாவுதான் நீளும், இங்கே இரண்டு. நின்றுபோன முறைகள் மளமளவென்று நகர்ந்தன. இருந்தாலும் யாரும் அந்தச் சுவரை முழுசாக நம்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பும். என் தலையும்தான்.

என் முறை வந்த அன்று வெளிச்சம் வருவதற்கு முன்பே பாவை எடுத்துக்கொண்டு போனோம். கிளிப்பச்சைப் பட்டு. முனைகளைக் கட்டி, மூங்கில் கால்களை நிறுத்தி, நான் வழக்கம்போல எங்கள் வீட்டுப் பக்கமாக நிற்கப் போனேன். என் மனைவி அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

"நீ பள்ளத்துல நில்லு. அன்னிக்கு நின்னியே," என்றேன்.

"அன்னிக்கு அது அவங்க பாவு, அவசரம். இன்னிக்கு நீங்க நில்லுங்க."

"ஏன்?"

"அட்டை வெச்சி புரிஞ்சிகினவரு நீங்கதான். எனக்கு இன்னும் புரியல."

பாவைத் தூக்கி அடியில் புகுந்து, சுவர்ப் பள்ளத்துக்குள் போய் நின்றேன். முதுகுக்குப் பின்னால் பெரணமல்லூர் செங்கல் இரவுக் குளிர்ச்சி மாறாமல் இருந்தது. கஞ்சி தெளித்தோம். அவள் அந்தப் பக்கமிருந்து அறுந்த இழையைக் காட்ட, நான் இந்தப் பக்கமிருந்து முடிந்துகொண்டு வந்தேன். வெயில் சுவரின் முதல் வயிற்றைத் தொட்டபோது சுருட்டி முடித்துவிட்டோம். மத்தியானத்துக்குள் பாவு தறியில் ஏறிவிட்டது. முதலாளிக்கு நானே போன் செய்தேன்.